வெட்டிய பதினோரு நிமிடம்

கூமுக்குக் காசு கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அது கூலி. கூலி வாங்கியவன் கூம் இல்லை. கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் சாட்சி நின்று உறவாகிறவர்தான் கூம். எங்கள் கல்யாணத்தில் பக்கத்தில் நின்று மெழுகுவர்த்தி பிடித்த கூம் வெலிமிர். அவருடைய அப்பா என் கணவன் ராஸ்த்கோவுக்கு ஞானஸ்நானத்தில் பெயர் வைத்த கூம். அதற்கு முந்தைய தலைமுறையில் யாரோ யாருக்கோ. அண்ணன் தம்பிக்குள் வேலித் தகராறில் பேச்சு நின்றுபோனால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். கூம் மனம் நோக நடந்தால் ஊரே காறித் துப்பும். மேலே கடவுள், கீழே கூம் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு.

எங்கள் படத்துக்கு வீடு கொடுத்தவர் அந்த வெலிமிர்தான். கிழக்கே, மலைச்சரிவில், பிரெஸ்டோல் என்கிற கிராமத்தில் பத்தொன்பது நாள் படப்பிடிப்பு. நாங்கள் மொத்தம் ஏழு பேர். மேல்மாடியை எங்களுக்குக் காலி செய்து கொடுத்துவிட்டு, அவரும் அவர் மனைவி தாரிங்காவும் சமையலறைக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டுக்கொண்டார்கள். ஜெனரேட்டர் அவருடையது, டிராக்டர் அவருடையது, ஆட்டுக்குட்டியும் அவருடையதுதான். அந்த ஆட்டுக்குட்டி காலையில் நடித்தது, மாலையில் வறுபட்டது. பக்கத்து வீட்டுக்காரன் மர ரம்பத்தை ஓட்டினால் வெலிமிர் வேலியோரம் போய் ஒரே ஒரு வார்த்தை சொல்வார். ரம்பம் நின்றுவிடும். என்ன வார்த்தை என்று நாங்கள் கேட்டதில்லை. ஒலிப்பதிவு செய்த பையன் அவரை 'சத்தத்துறை அமைச்சர்' என்றே கூப்பிட்டான்.

இத்தனைக்கும் என்ன கைம்மாறு செய்வது? காசு என்ற பேச்சே எடுக்க முடியாது. கடைசி வாரத்தில், படத்தை இயக்கிய ராஸ்த்கோ சொன்னான்: "ஒரு வேஷம் குடுத்துடலாம். கல்லறைக் காட்சியில செத்தவரோட நண்பனா வரட்டும். மூணு வரி வசனம். ஊர்ல காலத்துக்கும் பேசிக்குவாரு."

நான்தான் தயாரிப்பாளர், நான்தான் எடிட்டர், மதியத்துக்கு ரொட்டி அறுப்பதும் நான்தான். நான் சரி என்றேன். ஆகவே பழி முழுவதையும் அவன் தலையில் கட்ட முடியாது.

படத்தின் கதை ஒன்றும் பெரிதில்லை. வியன்னாவில் கூரைக்கு ஓடு போடும் வேலை செய்கிறவன் ஒருவன் அப்பாவைப் புதைக்க ஊருக்கு வருகிறான், திரும்பிப் போக முடியாமல் போகிறது. கல்லறைக் காட்சியில் வெலிமிர் வந்து, "நல்ல மனுஷன். கையில எடுத்த வேலைய முடிக்காம விடமாட்டான். மண்ணு அவனுக்கு லேசா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். அவ்வளவுதான்.

அவர் பதினோரு நிமிடம் பேசினார்.

முதல் எட்டு நிமிடம் எதையெதையோ பேசினார். அந்த வருடத்துப் பிளம்ஸ் விலை, போடாத சாலை, செத்தவன் தன்னிடம் வாங்கித் திருப்பிக் கொடுக்காத ஏணி. சுற்றி நின்ற ஊர்க்காரர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். ராஸ்த்கோ 'கட்' சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் தோளைக் குலுக்குகிறான். எட்டாவது நிமிடத்தில் வெலிமிர் தொப்பியைக் கழற்றினார். குழிக்குள் பார்த்தபடியே சொன்னார்:

"தாம்யான அன்னிக்கு நான்தான் எழுப்பினேன். புல்லு நனைஞ்சு கெடந்துச்சு. அவ சொன்னா, ராத்திரி பூரா மழை, தூங்கட்டும் விடுன்னு. எனக்குக் கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு. கேக்காத மாதிரி மாடிக்குப் போய் அவன் கால ஆட்டினேன். இன்னொரு அஞ்சு நிமிஷம்ப்பான்னான். அஞ்சு நிமிஷம்."

அதற்குப் பிறகு குழி விளிம்பில் இருந்த மண்ணைக் காலால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு, "மண்ணு அவனுக்கு லேசா இருக்கட்டும்" என்று சொல்லிக் கொடுத்த வரியைச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

தாம்யான் அவர்களுடைய ஒரே மகன். பத்தொன்பது வயதில், மழையில் நனைந்த சரிவில் டிராக்டர் புரண்டு போய்விட்டான். படப்பிடிப்பின்போது அதற்கு ஆறு வருடமாகியிருந்தது. நாங்கள் தூங்கிய அறையில்தான் அவன் படம் கறுப்பு ரிப்பனோடு தொங்கியது. அன்றைக்குத் தாரிங்கா கல்லறைக்கு வரவில்லை. எங்களுக்காக அடுப்பில் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது, அதை விட்டு அவள் நகரவில்லை.

நாங்கள் அழுதோம். அதை மறைப்பானேன். கேமராக்காரன் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இதுதான் படம்" என்றான்.

ஆனால் அது எங்கள் படம் இல்லை. பெல்கிரேடில் எங்கள் இரண்டு அறை வீட்டில், பிழைப்புக்காக வெட்டிய மெத்தைக் கடை விளம்பரங்களுக்கு நடுவே நான் ஒன்றரை வருடம் அதை எடிட் செய்தேன். அந்தப் பதினோரு நிமிடத்தை முழுதாக வைத்துப் பார்த்தேன், பாதியாக வைத்துப் பார்த்தேன். கடைசி மூன்று நிமிடத்தை மட்டும் வைத்தால் பார்க்கிறவனுக்கு யார் தாம்யான், புதைப்பது கிழவனைத்தானே என்று குழப்பம். முன்னாலிருந்து வைத்தால் ஏணிக் கதைக்குச் சிரிப்பான், பிறகு சிரித்ததற்கு வெட்கப்படுவான், பிறகு வியன்னாக்காரனை மறந்தே போவான். இருந்தாலும் எடுக்கவில்லை. கூம் ஆயிற்றே. அப்படியே பதினோரு திரைப்பட விழாக்களுக்கு அனுப்பினோம். பதினோரு விழாவும் மரியாதையாக வேண்டாம் என்றன.

விழாவில் எடுக்காத படத்தை எந்தத் திரையரங்கும் தொடாது. ராஸ்த்கோ சோபாவோடு சோபாவாக ஆகிவிட்டான். நான் காலையில் வேலைக்குப் போகும்போது எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பானோ, சாயங்காலமும் அதே பக்கம். சாப்பாடு வேண்டுமா என்றால், "எதுக்கு" என்பான். என் பயம் படத்தைப் பற்றியதாக இல்லாமல் போய் ரொம்ப நாளாகியிருந்தது.

பன்னிரண்டாவது, பெல்கிரேடிலேயே நடக்கும் ஒரு சின்ன விழா. படங்களைத் தேர்ந்தெடுக்கும் ஸோரிட்சா என்ற பெண் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். சிகரெட் குரல்.

"படம் எனக்குப் பிடிச்சிருக்கு. கல்லறையில பேசற அந்தப் பெரியவர் யாரு?"

"எங்க கூம்."

"ஐயோ." ஒரு இழுப்பு இழுத்தாள். "சரி, நேராவே சொல்லிடறேன். மத்தவங்க எல்லாம் படத்துக்குள்ள இருக்காங்க. அவரு வேற எங்கயோ இருக்காரு. அங்க உக்கார்ற உங்க படம், அப்புறம் எழுந்திரிக்கவே மாட்டேங்குது. அத எடுத்துடுங்க. ஏப்ரல்ல ஒரு செவ்வாய்க்கிழமை நாலு மணிக் காட்சி தர்றேன். எடுக்கலேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

இதை ராஸ்த்கோவிடம் சொன்னேன். சோபாவில் எழுந்து உட்கார்ந்தான். குளியலறைக்குப் போய் முகம் மழித்துக்கொண்டு வந்தான். எத்தனை மாதத்துக்கு அப்புறம் என்று நான் சொல்ல மாட்டேன், வெட்கக்கேடு.

"நீயே வெட்டு, யாகோதா. என்னால பாக்க முடியாது," என்றான்.

"வெட்டறேன். அவர்கிட்ட நீ சொல்லு."

"உனக்குத்தான் அவரோட நல்லாப் பேச வரும்."

"எனக்கா? உங்க குடும்பத்துக் கூம் அவரு. நூறு வருஷமா."

"அதனாலதான் என்னால முடியாது."

அன்று மாலையே வெட்டினேன். பெட்டி குழிக்குள் இறங்குகிறது, வியன்னாக்காரன் முகம், அடுத்து மலைச்சாலையில் போகும் வேன். தையல் தெரியவே தெரியாது. என் வாழ்க்கையில் செய்த நல்ல வெட்டுகளில் அது ஒன்று, அதற்காக எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

மறுநாள் பிரெஸ்டோலுக்குத் தொலைபேசி செய்தேன். "கூம், படத்த எடுத்துக்கிட்டாங்க. ஆனா ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தேன். 'எடுத்துக்கிட்டாங்க' வரைக்கும்தான் அவர் காதில் விழுந்தது.

"தாரிங்கா," என்று உள்ளே குரல் கொடுத்தார். "பெல்கிரேடுல போடறாங்களாம்." பிறகு என்னிடம் (கூமுக்கு நான் கூமா, எனக்கு அவர் மனைவி கூமா), "நான் பஸ்ஸுக்குச் சொல்லிடறேன், கூமா. ஊரே வரும். நீ கவலப்படாத, ஹால் காலியா கெடக்காது."

இரண்டாவது தடவை கூப்பிட்டபோது தாரிங்கா எடுத்தாள். கோட்டு தைக்கக் கொடுத்திருக்கிறது, தலைக்குச் சாயம் போட மகளிர் சங்கத்துப் பெண் வருகிறாள் என்றாள். எட்டு வருடத்தில் அவள் கல்லறைக்கும் பல் வைத்தியரிடமும் தவிர எங்கும் போனதில்லை என்பது எனக்குத் தெரியும். பேருந்தில் குமட்டுமா என்று கேட்டாள். எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

மூன்றாவது தடவை ராஸ்த்கோவைப் பிடித்து உட்காரவைத்து எண்ணைப் போட்டுக் கையில் கொடுத்தேன். மாடிப்படிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தான்.

"சொன்னியா?"

"பாட ஆரம்பிச்சுட்டாரு," என்றான்.

"என்னது?"

"பாடினாரு, யாகோதா. நான் என்ன பண்ணட்டும்?"

ஸோரிட்சாவிடம் போய் வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் இவன் மறுபடி சோபாவுக்குப் போவான், இந்த முறை எழுந்திருக்க மாட்டான். கூமிடம் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் நாற்பத்து மூன்று பேருக்குச் சொல்லிவிட்ட மனுஷர் ஊரில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பார்? இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்கள். எறும்பாவது அங்குமிங்கும் ஓடிப் பார்க்கும். நான் மெத்தை விளம்பரம் வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய திரையில் ஒருவேளை அவருக்குத் தெரியாமல் போகலாம், கூட்டத்தில் எங்கோ அவர் தொப்பி ஒரு நொடி தெரிகிறதே, அது போதும் என்று எண்ணிக்கொள்ளலாம் என்றெல்லாம் மனத்தைத் தேற்றிக்கொண்டேன். கோழை மனத்துக்குச் சமாதானமா கிடைக்காது?

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கே பேருந்து வந்து திரையரங்கு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. சர்ச்சுக்குப் போகிற உடையில் நாற்பத்து மூன்று பேர். எண்ணெய்த்தாளில் சுற்றிய கிபானிட்சா என்கிற பாலாடைக்கட்டி அடை, வறுத்த மிளகாய், பிளாஸ்டிக் பாட்டிலில் பிளம்ஸ் சாராயம். உள்ளே சாப்பாடு கொண்டுபோகக் கூடாது என்று வாசல் பையன் சொன்னான். "இது சாப்பாடு இல்ல தம்பி, கிபானிட்சா" என்று ஒருத்தி அவன் கையிலும் ஒரு துண்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். வெலிமிர் புதுக் கோட்டில் இருந்தார். என்னைக் கட்டிக்கொண்டு வழக்கம்போல் மூன்று முத்தம் கொடுத்தார். கை சில்லென்று இருந்தது. கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்கு இருக்குமே, அந்தப் படபடப்பு. ஏதோ முதல் பட நடிகரின் சந்தோஷம் என்றுதான் நான் நினைத்தேன்.

யார் எங்கே உட்காருவது என்று அவர்தான் ஏற்பாடு செய்தார். "கூமா, நீ தாரிங்கா பக்கத்துல உக்காரு. அவளுக்குக் கண்ணு சரியில்ல, என்ன நடக்குதுன்னு சொல்லிக் குடு." எட்டாவது வரிசை, நட்டநடு. எனக்கு வலப்பக்கம் தாரிங்கா, அவளுக்கு அந்தப்பக்கம் அவர். எனக்கு இடப்பக்கம் மடியில் பைகளோடு பிரெஸ்டோல் முழுவதும். எழுந்து வெளியே போவதென்றால் இருபது முழங்காலைத் தாண்ட வேண்டும். ராஸ்த்கோ கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரம் நின்றுகொண்டான். அவன் புத்திசாலி.

விளக்கு அணைந்தது. முதல் இருபது நிமிடம் கொண்டாட்டமாகவே போனது. "அது நம்ம மாடு." "அந்த வேலியச் சாச்சு வெச்சுட்டுப் படம் எடுத்திருக்கானுங்க பாரு." பட்டணத்துக்காரர்கள் முதலில் உஸ்ஸென்றார்கள், பிறகு அவர்களும் சிரிக்க ஆரம்பித்தார்கள். தாரிங்கா மட்டும் சிரிக்கவில்லை. கைப்பையின் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"இப்பவா?" என்று என் காதில் கேட்டாள்.

"இன்னும் இல்ல, கூமா."

ஒரு காட்சி போனது. சவப்பெட்டிக்கு அளவெடுக்கிறார்கள். "இப்பவா?"

"இன்னும் இல்ல."

அவள் இன்னும் நெருங்கி வந்தாள். சாயத்தின் வாசனையும் எலுமிச்சை வாசனையும். குரலே எழாமல் பேசினாள். அந்தப்பக்கம் இருந்த கணவருக்குக் கேட்கக் கூடாது என்றுதான்.

"நான் எதுக்கு வந்தேன் தெரியுமா? கல்லறையில அவரு தாம்யான் பேரச் சொன்னாராம். மிலேவா அங்க நின்னுருக்கா, அவதான் சொன்னா. என்ன சொன்னாருன்னு கேட்டா, அத நான் சொல்லக் கூடாது, நீயே போய்ப் பாருங்கறா. எட்டு வருஷமா அந்தப் பேர அவரு வாயில நான் கேக்கல, கூமா. நான் சொன்னா எழுந்து கொட்டகைக்குப் போயிடுவாரு."

நான் திரையைப் பார்த்தேன். பார்க்கத்தான் முடிந்தது.

"அன்னிக்குக் காலையில நான் சொன்னேன், தூங்கட்டும் விடுன்னு. அடுப்பப் பாத்துக்கிட்டே சொன்னேன். அது அவரு காதுல விழுந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது. கேக்கவும் முடியாது. இத எப்படிப் போய்க் கேப்ப? அவரா சொல்லியிருந்தா..." என்று நிறுத்தி, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வந்தா சொல்லு. கண்ணாடி போட்டுக்கறேன்."

பதில் எனக்குத் தெரியும். இந்த உலகத்தில் எங்கள் ஏழு பேருக்கும், கல்லறையில் நின்ற பத்துப் பேருக்கும் தெரியும். இவளுக்கு மட்டும் தெரியாது. நான் வாயைத் திறந்தால் போதும், இரண்டே வரி. ஆனால் அந்த இரண்டு வரியை என் வாயால் சொன்னால், பிறகு அவர் வாய் எங்கே என்று கேட்பாள். அவள் பிடித்திருந்த கையை உருவிக்கொள்ளக்கூட எனக்குத் துணிவில்லை. கரண்ட் போகட்டும், புரொஜெக்டர் எரிந்து போகட்டும், எனக்கு நெஞ்சு வலி வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை. கல்லறைதான் வந்தது.

பெட்டி இறங்கியது. வியன்னாக்காரன் முகம். வேன்.

பிரெஸ்டோல்காரர்கள் அமைதியானார்கள். கிபானிட்சா தாள் சரசரப்பதுகூட நின்றது. முன்வரிசையில் மிலேவாவின் தலை பாதி திரும்பி, மறுபடி நேரானது. வெலிமிர் அசையவில்லை. மடியில் இருந்த தொப்பியின் மேல் அவர் கைகள் அப்படியே இருந்தன. வேன் மலைச்சாலையில் வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருந்தது. நல்ல ஷாட் அது, ராஸ்த்கோ அதற்காக மூன்று காலை காத்திருந்தான். எனக்கு அது முடியவே முடியாது போலத் தோன்றியது.

தாரிங்கா மூக்குக் கண்ணாடியைக் கையில் வைத்திருந்தாள். "இப்பவா?"

"இன்னும் இல்ல," என்றேன்.

இன்னும் முப்பத்தாறு நிமிடம் படம் இருந்தது. முப்பத்தாறு நிமிடமும் அவள் காத்திருந்தாள். வியன்னாக்காரன் வீட்டை விற்கப் பார்த்தான், பெயிண்ட் அடித்தான், ஒரு சண்டை போட்டான், பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தான். ஒவ்வொரு முறை திரையில் ஒரு தொப்பி வந்தபோதும் அவள் கண்ணாடியை மூக்குக்குக் கொண்டுபோனாள். பிறகு இறக்கினாள். எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. நன்றி என்பதன் கீழ் வெலிமிர் பெயர் முதலாவதாக வந்தது. முதலாவதாகப் போட்டால் போதும் என்று எந்த மடச்சிக்குத் தோன்றியதோ, அவள்தான் இந்தக் கதையைச் சொல்கிறாள்.

விளக்கு வந்தது. பட்டணத்துக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நல்ல கைதட்டல், நெடுநேரம். ராஸ்த்கோவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஸோரிட்சா தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டினாள். எங்கள் வரிசையில் மட்டும் யாரும் எழுந்திருக்கவில்லை.

தாரிங்கா கணவர் பக்கம் திரும்பினாள். எல்லோருக்கும் கேட்கும்படியாகவே கேட்டாள்: "நீ எங்க?"

வெலிமிர் தொப்பியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"நீ அங்க என்னதான் சொன்ன?"

முன்னால் மூன்று வரிசை, பின்னால் மூன்று வரிசை காது கொடுத்தது. வெலிமிர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். திருவிழாவில் தடுக்கி விழுந்த பிள்ளையைத் தூக்கிவிடுகிறவர் போலப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல," என்றார். "பிளம்ஸ் விலையும் ஏணியும். வாய்க்கு வந்தத ஒளறினேன். கேக்கச் சகிக்கல. நான்தான் கூமாகிட்ட எடுத்துடச் சொன்னேன்."

"மிலேவா சொன்னாளே."

"மிலேவாவுக்குக் காது மந்தம்."

ஊர் சிரித்தது. வாய்ப்புக் கிடைத்ததே என்று சிரித்தது. மிலேவாகூடத் தரையைப் பார்த்துக்கொண்டு, "மந்தம்தான், மந்தம்தான்" என்றாள்.

தாரிங்கா என் பக்கம் திரும்பினாள். என் மணிக்கட்டில் அவள் கை இன்னும் இருந்தது.

"அப்படியா, கூமா?"

"ஆமா," என்றேன்.

வெளியே வெயில் இருந்தது. பேருந்தின் பக்கவாட்டு அறையில் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வெலிமிர் பேருந்துக்குப் பின்னால் தனியாக நின்று சிகரெட் பிடித்தார். அவரிடம் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அதற்குப் பதிலாகத் தயாரிப்பாளர் மாதிரிப் பேசினேன்.

"கூம், அந்தப் பதினோரு நிமிஷம் முழுசா என்கிட்ட இருக்கு. பென் டிரைவுல போட்டுத் தர்றேன். வீட்டுல டிவியில சொருகினா வரும். நீங்களும் கூமாவும் உக்காந்து..."

"வீட்டுலயா?" என்றார்.

சிகரெட் சாம்பலைத் தட்டினார்.

"வீட்டுல லைட்டு எரியும், யாகோதா. அவ மூஞ்சிய நான் பாக்கணும், என் மூஞ்சிய அவ பாப்பா. இங்க இருட்டா இருக்கும், சுத்தி நாப்பது பேரு இருப்பாங்க, நான் அங்க மேல இருந்து சொல்லுவேன், கீழ பக்கத்துல உக்காந்திருக்கறவன் வாயத் தொறக்கவே வேணாம்னு நெனச்சேன். எனக்குக் கேட்டுச்சுன்னு அவளுக்குத் தெரியணும். அவ்வளவுதான். அதுக்குத்தான் பஸ்ஸு."

"கூம், நான் இப்பவே போய்..."

"போகாத." குரலை உயர்த்தவில்லை. "ஆமான்னு சொல்லிட்ட. இனி அது அப்படியே இருக்கட்டும்." சிகரெட்டை ஷூவால் நசுக்கினார். "நல்ல படம். ராஸ்த்கோகிட்ட சொல்லு. அந்த வேன் போறது ரொம்ப நல்லா இருக்கு." மூன்று முத்தம் கொடுத்துவிட்டு ஏறிப்போனார். கூமின் மனத்தில் ஒன்றுமில்லை என்று எனக்குக் காட்ட, மூன்றையும் பொறுமையாக, முழுசாகக் கொடுத்தார்.

அப்போது ராஸ்த்கோ ஓடிவந்தான். முகமெல்லாம் சிரிப்பு. சனிக்கிழமை மாலை இன்னொரு காட்சி போடுகிறார்களாம், வேறு இரண்டு ஊர்களிலிருந்தும் கேட்கிறார்களாம். என்னைத் தூக்கிச் சுற்றினான். அவன் இப்படிச் சிரித்து மூன்று வருடமாகியிருந்தது. இதற்காகத்தானே எல்லாம். சந்தோஷப்படு, சந்தோஷப்படு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பேருந்து உறுமத் தொடங்கியது. நான்காவது ஜன்னல் கண்ணாடி நகர்ந்து தாரிங்காவின் முகம் தெரிந்தது. என்னைக் கிட்டே வரச் சொல்லிக் கையசைத்தாள். நான் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன். இப்போது கேட்டால் சொல்லிவிடுவேன், கூமாவது ஒன்றாவது, சொல்லிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"மிலேவா சொன்னத நம்பி நான் என்னென்னவோ நெனச்சுட்டேன்," என்றாள். இத்தனை வருடத்தில் நான் அவளிடம் பார்க்காத ஒரு நிம்மதி அந்த முகத்தில் இருந்தது. "ஒரு வகையில நல்லதுதான், கூமா. அன்னிக்கு நான் சொன்னது அவரு காதுல விழவே இல்ல போல. வழியெல்லாம் அதத்தான் யோசிச்சுக்கிட்டு வந்தேன். விழுந்திருந்தா அவரு புள்ளய எழுப்பியிருப்பாரா, சொல்லு."

அவளுக்குப் பின்னால், உள்பக்க இருக்கையில், வெலிமிர் புதுக் கோட்டோடு நேராக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எழுப்பியிருக்க மாட்டாரு," என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணாடியை மூடினாள். ஊருக்கு ஐந்து மணி நேரப் பயணம்.